தெரிந்தவர் பெயரில் வந்த கடிதம்

2000ஆம் ஆண்டு மே 4, வியாழக்கிழமை. மணிலாவில் கிளம்பிய ஒரு மின்னஞ்சல், ஆசியாவின் அலுவலகங்கள் திறந்த வேளையில் ஒரு சுற்று வந்தது. பிறகு ஐரோப்பா விழித்தது, அதற்குப் பிறகு அமெரிக்கா. எங்கெல்லாம் ஆட்கள் வந்து கணினியைத் திறந்தார்களோ அங்கெல்லாம் அது முன்கூட்டியே போய்க் காத்திருந்தது. பிரிட்டனின் மக்களவை தன் மின்னஞ்சல் சேவையையே நிறுத்திவைத்தது. பென்டகனும் தப்பவில்லை.

கடிதத்தின் தலைப்பு 'ஐ லவ் யூ'. அனுப்பியவர் மேலதிகாரியாக இருக்கலாம், பக்கத்து நாற்காலிக்காரராக இருக்கலாம், போன வருடம் ஒரே ஒரு முறை கடிதம் போட்ட வாடிக்கையாளராகவும் இருக்கலாம். உள்ளே ஒரு வரி, கூடவே 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி' என்று ஒரு கோப்பு. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்து. அதைத் திறந்தால் என்ன ஆகிவிடப்போகிறது?

அந்தப் பெயருக்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. கோப்பு எந்த வகை என்பதைச் சொல்லும் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாகவே மறைத்துவிடும். பயனாளரை அவை குழப்புமாம். ஆகவே திரையில் தெரிந்தது கடிதம், உண்மையில் இருந்தது விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய ஒரு நிரல். இரட்டைக் கிளிக் விழுந்ததும் அது ஓடத் தொடங்கியது. அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும், கணினிக்குச் சொந்தக்காரர் பெயரிலேயே, தன் நகலை அனுப்பியது. ஜேபெக் படங்களின் மேல் தன்னையே எழுதி அவற்றை அழித்தது. எம்பி3 பாட்டுகளை ஏனோ அழிக்காமல் ஒளித்துமட்டும் வைத்தது. கடவுச்சொற்களைத் திருடும் இன்னொரு நிரலை இணையத்திலிருந்து இறக்கப் பார்த்தது.

இதை எழுதியவர் ஓனெல் டி குஸ்மான், மணிலாவில் ஒரு கணினிக் கல்லூரியின் மாணவர். அடுத்தவரின் இணையக் கடவுச்சொல்லை எடுத்து ஏழைகளும் இலவசமாக இணையத்தைப் பயன்படுத்தலாம் என்று அவர் கொடுத்த ஆய்வுத் திட்டத்தைக் கல்லூரி நிராகரித்திருந்தது. வைரஸ் எழுதுவதைக் குற்றமென்று சொல்லும் சட்டம் அன்று பிலிப்பைன்ஸில் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அடுத்த மாதமே, ஜூன் 2000இல், அந்நாடு அப்படியொரு சட்டம் இயற்றியது. அதைப் பின்னோக்கிப் பயன்படுத்த வழியில்லை. 2019இல் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜெஃப் வைட் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் மணிலாவில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருந்தார். தான்தான் எழுதினேன் என்று அப்போது ஒப்புக்கொண்டார்.

இத்தனை வருடம் கழித்தும் விண்டோஸ் 11 அந்த வாலை மறைத்துக்கொண்டுதான் வருகிறது. இது வியப்புக்குரிய பிடிவாதம். மாற்ற அரை நிமிடம் போதும்: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. அதன் பிறகு 'பில்.பிடிஎஃப்' என்று காட்டிக்கொள்ளும் கோப்பு உண்மையில் 'பில்.பிடிஎஃப்.எக்ஸி' என்றால் கண்ணில் பட்டுவிடும். முழுதாக நம்பவும் முடியாது. அரபு, எபிரேய மொழிகளுக்காக யூனிகோடில் எழுத்தை வலமிருந்து இடமாகத் திருப்பும் ஒரு கண்ணுக்குத் தெரியாத குறி உண்டு. அதைப் பெயரின் நடுவே செருகி, எக்ஸி கோப்பின் பெயர் பிடிஎஃப் என்று முடிவதுபோல் காட்டும் வித்தையும் பழகிவிட்டது.

வித்தை இப்போது செல்போனுக்கும் வந்திருக்கிறது. 2024 கடைசியில் இந்தியாவில் காவல் துறையினர் எச்சரித்த ஒரு மோசடி: வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் வரும். திறந்தால் அது படமும் அல்ல, பிடிஎஃப்பும் அல்ல, 'ஏபிகே' என்று முடியும் ஆண்ட்ராய்டு செயலி. போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலும் இது சுற்றியது. நிறுவினால் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கியின் ஓடிபி அதன் கைக்குப் போகும். கல்யாணப் பத்திரிகைக்கு எதற்கு எஸ்எம்எஸ் அனுமதி என்று யாரும் யோசிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை எவ்வளவு நம்பலாம்? அஞ்சல் பைகளை இடம்மாற்றும் அடிப்படை நெறிமுறையான எஸ்எம்டிபியை ஜான் போஸ்டல் 1982இல் வரையறுத்தார். அன்றைய வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுக்கூடத்தாரும். யாரும் யாரையும் சந்தேகிக்கத் தேவை இருக்கவில்லை. தபால் உறையின் இடது மூலையில் 'அனுப்புநர்' என்று எவர் பெயரையும் எழுதலாம், தபால்காரர் சரிபார்க்க மாட்டார் அல்லவா? எஸ்எம்டிபியும் அப்படியே விடப்பட்டது. பின்னால்தான் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சரிபார்ப்பு முறைகள் ஒட்டுப்போடப்பட்டன. முதலாவது, இந்த முகவரியின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தக் கணினிகளுக்கு உரிமை உண்டு என்ற பட்டியல். இரண்டாவது, அஞ்சல் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கான மின்முத்திரை. மூன்றாவது, இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று உரிமையாளர் சொல்லிவைக்கும் கட்டளை. தினமும் 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்கள் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது 2024 பிப்ரவரியில்தான். ஜிமெயிலில் ஒரு கடிதத்தின் மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தட்டினால் இம்மூன்றின் முடிவும் மேலேயே தெரியும்.

ஆனால் 'பாஸ்' என்று வந்துவிட்டால் கடிதம் நல்லது என்று பொருளில்லை. இதற்கு எமோடெட்டைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. 2014இல் வங்கிக் கணக்குத் திருடனாகத் தொடங்கி, பிறகு மற்றத் திருடர்களுக்கு வழி திறந்துவிடும் தொழிலுக்கு மாறிய நிரல் அது. புகுந்த கணினியில் இருக்கும் பழைய மின்னஞ்சல் உரையாடல்களை அள்ளிக்கொள்ளும். பிறகு, இரண்டு பேர் உண்மையாகவே எழுதிக்கொண்டிருந்த கடிதத் தொடருக்குக் கீழே ஒரு பதிலைச் சேர்க்கும்: நீங்கள் கேட்ட விவரம் இணைப்பில் உள்ளது. மேலே பார்த்தால் தானே எழுதிய வரிகள் இருக்கின்றன. யாருக்குச் சந்தேகம் வரும்? 2020 ஜனவரி இறுதியில், கொரோனா பற்றி உலகம் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தபோது, ஜப்பானில் தொற்று எச்சரிக்கை என்ற போர்வையில் எமோடெட் கடிதங்கள் போய்விட்டன.

அந்த இணைப்பு பெரும்பாலும் ஒரு வேர்ட் கோப்பு. அதற்குள் மேக்ரோ. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் குமாஸ்தாவின் சலிப்பைக் குறைக்க ஆவணத்துக்குள்ளேயே நிரல் எழுதிவைக்கும் வசதிதான் மேக்ரோ. 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ் இந்த வசதியில் ஏறித்தான் ஒவ்வொருவர் முகவரிப் புத்தகத்திலும் முதல் 50 பேருக்குப் போனது. அதை எழுதிய நியூ ஜெர்சிக்காரர் டேவிட் ஸ்மித்துக்கு 20 மாதச் சிறை கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் பிற்பாடு மேக்ரோவுக்கு முன்னால் ஒரு மஞ்சள் பட்டையை வைத்து, 'எனேபிள் கன்டென்ட்' என்ற பொத்தானையும் கொடுத்தது. திருடர்கள் அசரவில்லை. ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே அலுவலக மென்பொருளின் அறிவிப்புபோல ஒரு படத்தை வரைந்து, 'இது பழைய பதிப்பில் உருவாக்கிய ஆவணம். படிக்க மேலே உள்ள பொத்தானை அழுத்தவும்' என்று எழுதிவைத்தார்கள். தடுக்க வைத்த பொத்தானே வழிகாட்டிப் பலகையாகிவிட்டது.

எமோடெட்டின் கட்டுப்பாட்டுக் கணினிகளை 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல் துறைகள் சேர்ந்து கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் அது மறுபடி தலைகாட்டியது. இணையத்திலிருந்து வந்த ஆவணங்களில் மேக்ரோ ஓடாது என்பதை இயல்பு நிலையாக்க மைக்ரோசாஃப்ட்டுக்கு 2022 வரை ஆனது. மெலிசாவிலிருந்து கணக்கிட்டால் 23 வருடம்! அந்தக் கதவு மூடியதும் ஐஎஸ்ஓ கோப்பு, ஷார்ட்கட் கோப்பு, ஒன்நோட் பக்கம் என்று வேறு பொந்துகளுக்குத் திருடர்கள் மாறினார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோய் வந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஷார்ட்கட் வைரஸ் புதிதல்ல. கோப்புறைகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பின்னால் ஒளிந்து ஓடுவது பல சமயம் அதே விபிஎஸ்தான். அந்த மொழியை விண்டோஸிலிருந்து படிப்படியாக விலக்கப்போவதாக 2023 அக்டோபரில் அறிவிப்பு வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தெரியாதவரிடமிருந்து வரும் இணைப்பைத் திறக்காதே என்ற அறிவுரை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதைக் கடைப்பிடித்தால் பணியாளர் தேர்வுப் பிரிவில் ஒருவர் வேலை பார்க்க முடியுமா?

வங்கதேச மத்திய வங்கிக்கு 2015 தொடக்கத்தில் சில மின்னஞ்சல்கள் வந்தன. வேலை தேடும் ஓர் இளைஞர் பணிவாக எழுதியிருந்தார். தன்விவரத்தை இறக்கிக்கொள்ள ஒரு சுட்டியும் கொடுத்திருந்தார். வங்கிக்குள் அது இறக்கப்பட்டது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை. எழுதியவர்கள் வட கொரிய அரசின் ஆட்கள் என்று 2018இல் அமெரிக்க நீதித் துறை பதிந்த குற்றச்சாட்டு சொல்கிறது. வட கொரியா மறுக்கிறது. உள்ளே புகுந்தவர்கள் அவசரப்படவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கணினிக்குக் கணினி தாவி, நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் முனையங்களை எட்டினார்கள்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நியூயார்க்கில் சனியும் ஞாயிறும். மணிலாவில் அந்தத் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு. இப்படி நாள் குறித்து, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேசத்தின் கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 கட்டளைகள் அனுப்பப்பட்டன. ஒவ்வொரு கட்டளையையும் தாளில் அச்சடிக்கும் பிரின்டரையும் தீநிரல் முடக்கியிருந்தது. மறுநாள் விடுமுறையிலும் வேலைக்கு வந்தவர்கள், பிரின்டர் வழக்கம்போல மக்கர் செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். எந்த அலுவலகத்தில்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்!

பணம் தப்பியது பாதி தற்செயலால். மணிலாவில் பணம் போக வேண்டிய வங்கிக் கிளை ஜூபிடர் தெருவில் இருந்தது. அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருந்த ஒரு கப்பலின் பெயரும் ஜூபிடர். அந்தச் சொல் கண்ணில் பட்டதால் பெரும்பாலான கட்டளைகள் நின்றுபோயின. ஐந்து மட்டும் நழுவின. அவற்றில் ஒன்று இலங்கைக்கு, ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற அமைப்புக்குப் போக வேண்டிய 2 கோடி டாலர். 'ஃபவுண்டேஷன்' என்பதைத் திருடர்கள் 'ஃபண்டேஷன்' என்று பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த டாய்ச்ச வங்கி விளக்கம் கேட்டது, அந்தப் பணம் திரும்பியது. மணிலாவுக்குப் போன 8.1 கோடியில் பெரும்பகுதி அங்குள்ள சூதாட்ட விடுதிகளில் கரைந்தது.

வேலைக்கு விண்ணப்பித்த கடிதத்தைத் திறந்தவரை இதில் குற்றம் சொல்வது எளிது, பொருத்தமில்லாதது. விண்ணப்பங்களைத் திறப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒருவர் மேசையில் விழுந்த கிளிக், நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வரை எப்படிப் போக முடிந்தது? விசாரித்த வங்கதேசக் காவல் அதிகாரி ராய்ட்டர்ஸிடம் சொன்ன பதில் திகைக்கவைக்கிறது. வங்கியில் ஃபயர்வால் இல்லை. ஸ்விஃப்டோடு இணைந்த கணினிகளை வலையமைப்பில் கோத்தவை 10 டாலர் விலையுள்ள செகண்ட்ஹேண்ட் சுவிட்சுகள்.

கூடங்குளத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக் கணினி ஒன்றில் டிடிராக் என்ற உளவு நிரல் புகுந்திருப்பது பற்றி 2019 செப்டம்பர் 4 அன்று இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் தகவல் கொடுத்தது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியே கசிந்தபோது நிலையம் முதலில் மறுத்தது. மறுநாளே, அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்த மறுப்பு தேவையில்லாதது, ஊர் மக்களின் பழைய அச்சத்துக்கு அது எண்ணெய் வார்த்தது. ஆனால் கழகத்தின் விளக்கத்தில் தொழில்நுட்ப அளவில் முக்கியமான ஒரு செய்தி இருந்தது: பாதிக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி, உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து தனித்திருக்கிறது. வங்கதேச வங்கியில் இல்லாமல் போனது அந்தப் பிரிவினைதான்.

வீட்டுக் கணினியிலும் இதே யோசனை செல்லும். விண்டோஸை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு நிர்வாகிக் கணக்கு. எதையும் நிறுவ, எதையும் மாற்ற அதிகாரம் கொண்டது. அன்றாட வேலைக்கும் பிள்ளைகள் விளையாடவும் அதிகாரம் குறைந்த இன்னொரு கணக்கை வைத்துக்கொண்டால், தவறிப்போய் ஓடிய நிரலால் எட்ட முடிகிற தூரம் குறைகிறது. இதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் பத்து வீட்டில் ஒரு வீட்டிலாவது இப்படி இருக்குமா என்பது சந்தேகம்தான்.

யாரும் எதையும் கிளிக் செய்யாமலே வருவதும் உண்டு. 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாகத் தானாகவே கணினிக்குக் கணினி பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் மூன்றில் ஒரு பங்கு தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது; ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு. 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்தும் பழக்கத்துக்கு இதைவிட விலை உயர்ந்த உதாரணம் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் இத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் எத்தனையோ கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் அதுதான் ஓடுகிறது.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், அவசியம்தான். விண்டோஸோடு வரும் டிஃபென்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை மெதுவாக்குவதுதான் மிச்சம். ஆன்டிவைரஸ் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஏற்கெனவே பிடிபட்டவற்றின் அடையாளங்களோடு ஒப்பிடுவது ஒன்று. ஓடும் நிரல் சந்தேகமான காரியம் செய்கிறதா, உதாரணமாக நூற்றுக்கணக்கான கோப்புகளை அடுத்தடுத்து மாற்றுகிறதா, என்று கவனிப்பது இன்னொன்று. ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஐகார் என்ற 68 எழுத்து வரி உண்டு. துளியும் தீங்கில்லாதது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பார்த்தால் கூச்சலிட வேண்டும் என்று ஒரு பொது ஏற்பாடு.

ஆன்டிவைரஸின் கண்ணைக் கட்ட எளிய வழி, கோப்பை ஜிப் செய்து கடவுச்சொல் போட்டுவிட்டு, அந்தக் கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதிவிடுவது. பூட்டிய பெட்டிக்குள் ஸ்கேனரால் பார்க்க முடியாது. படிப்பவரால் திறக்க முடியும். பூட்டும் சாவியும் ஒரே கடிதத்தில் வந்தால் அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது நல்லது. சந்தேகமான கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்களின் கருத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே ஏற்றும் கோப்பை அந்தச் சேவையின் மற்ற உறுப்பினர்களும் எடுத்துப் பார்க்கலாம் என்பதால் நிலப் பத்திரத்தையோ மருத்துவ அறிக்கையையோ ஏற்றக் கூடாது.

கோப்புகளைப் பூட்டும் நிரல் நுழைந்துவிட்டால் காப்பாற்றுவது பேக்கப் மட்டுமே. அதுவும் கணினியோடு எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட்டிஸ்க் பேக்கப் ஆகாது. கணினியில் ஓடும் நிரல் அதையும் பூட்டும். படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துவிட்டு வயரைக் கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க்கை எந்த ஹேக்கராலும் தொட முடியாது.

மின்னஞ்சல் கணக்கின் நிலைமை இன்னும் நுட்பமானது. வங்கி, முகநூல், ரயில் முன்பதிவு என எதில் கடவுச்சொல் மறந்தாலும் புதிதாக அமைக்கும் சுட்டி மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஆகவே மற்ற எதற்கும் இல்லாத தனிக் கடவுச்சொல்லும் இரண்டு கட்டச் சரிபார்ப்பும் முதலில் இதற்கு வேண்டும். கடவுச்சொல் மேலாளர் செயலிகளால் ஒரு மறைமுக நன்மை இருக்கிறது. அவை தளத்தின் முகவரியைப் பார்த்தே கடவுச்சொல்லை நிரப்பும். வங்கியின் பக்கம்போல அச்சு அசலாக வரைந்த போலித் தளத்தில் மனிதக் கண் ஏமாறும், செயலி வாய் திறக்காது. வழக்கமாக நிரம்பும் பெட்டி ஒரு நாள் நிரம்பவில்லை என்றால் அங்கேயே நிற்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் கிளிக் விழும். விழுந்தது தெரிந்தால் முதலில் வைஃபையைத் துண்டிக்க வேண்டும். அலுவலகமானால் கணினிப் பிரிவுக்கு உடனே சொல்ல வேண்டும். திட்டுவார்கள் என்று மாலைவரை மறைத்துவைத்தால் அந்த ஐந்தாறு மணி நேரம் உள்ளே புகுந்தவருக்குக் கிடைக்கிறது. பணம் போயிருந்தால் வங்கியையும் 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணையும் தாமதமின்றி அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் முடக்க முடியுமா என்று பார்ப்பார்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். பிறகு பலர் பார்க்க மறக்கும் ஓர் இடம் இருக்கிறது: அமைப்புகளில் உள்ள 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்கள்' பகுதிகள். கணக்குக்குள் வந்தவர் போகும்போது அங்கே ஒரு விதியை எழுதிவிட்டுப் போயிருக்கலாம், உதாரணமாக 'பேங்க்' என்ற சொல் உள்ள ஒவ்வொரு கடிதத்தையும் தன் முகவரிக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு இன்பாக்ஸிலிருந்து அகற்றும்படி. அந்த வரி அழிக்கப்படாத வரை கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் கடிதங்கள் அவருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.